மாயக்கதை மாந்தரை மையில் வரையும்போது எதை விடுவது, எதை வைப்பது?

தண்டையார்பேட்டை மைவிழி

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு படம் மையில் வரைகிற இங்க்டோபர் சவாலில் இந்த ஆண்டு நானும் சேர்ந்திருக்கிறேன். அதற்கென்று வெளியாகும் சொற்பட்டியலைப் பின்பற்றாமல், கற்பனையாக ஒரு துறைமுக நாட்டை அமைத்துக்கொண்டு, அந்நாட்டு மாந்தரை நாளுக்கு ஒருவராக மையில் வரைந்து வருகிறேன். மீன்வலையைப் போர்வையாக அணிந்த கடல் சூனியக்காரி, சுறாத்தோல் கவசம் பூண்ட காவல் வீரன், யாளியின் மீது ஏறி வரும் தூதன், உப்பளங்களைக் காக்கும் அரக்கன் என்று வரையப்பட வேண்டியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கற்பனைக்குப் பஞ்சமில்லை, நேரத்துக்குத்தான் பஞ்சம்.

பாரிமுனையில் அலுவலக வேலை முடிந்து வீடு திரும்பி, சமையலையும் மற்ற வேலைகளையும் முடித்த பிறகு, வரைவதற்கென்று எனக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கவசத்தின் ஒவ்வொரு செதிலையும், சங்கிலிச் சட்டையின் ஒவ்வொரு வளையத்தையும், கூந்தலின் ஒவ்வோர் இழையையும், புடவைக் கரையின் ஒவ்வொரு பூவையும் வரையத் தொடங்கிவிட்டால் நள்ளிரவு தாண்டியும் படம் முடிவதில்லை. நேரம் போவதுகூடப் பரவாயில்லை. இவ்வளவு உழைப்புக்குப் பிறகு படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தால், முகம் எது, கவசம் எது, பின்னணி எது என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே சாம்பல் நிறத் திட்டாகத் தெரிகிறது. தாளில் பார்க்கும்போது இருந்த கூர்மை எங்கோ போய்விடுகிறது.

சரி, குறைத்து வரைவோம் என்று வெளிக்கோட்டை மட்டும் போட்டு நிறுத்தினால் உருவம் வெறுமையாகிவிடுகிறது. சூனியக்காரிக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. எதை விடுவது, எதை வைப்பது என்பதை நீங்கள் எந்த அடிப்படையில் முடிவு செய்கிறீர்கள்? பென்சில் நிலையிலேயே முடிவு செய்துவிட வேண்டுமா, அல்லது மை போடப் போடக் கை தானாகக் கண்டுகொள்ளுமா?

நான் பயன்படுத்துவது ஏ5 அளவுள்ள வரைபுத்தகம், 01, 03 என்று எண்ணிட்ட இரண்டு மைக்ரான் பேனாக்கள் (மெல்லிய முனை உள்ளவை), தூரிகை போன்ற முனையுள்ள ஒரு பிரஷ் பென். பென்சிலில் உருவம் வரைந்து, 03 பேனாவால் வெளிக்கோடு போட்டு, அதற்குள் 01 பேனாவால் நுணுக்கங்களை நிரப்புவது என் வழக்கம். பிரஷ் பென்னைப் பெரும்பாலும் கடைசியில் கையெழுத்துப் போடுவதற்கே எடுக்கிறேன்.

வியாசர்பாடி சுவரெழுத்தர்

அம்மா, வணக்கம். நான் சுவர் விளம்பரமும் பேனரும் எழுதிப் பிழைத்தவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் போய்விட்டது. இப்போது பேரப்பிள்ளைகளின் நோட்டுகளில் மிஞ்சிய பக்கங்களில் வரைந்துகொண்டிருக்கிறேன். மாயாஜாலப் படங்களுக்கும் பக்திப் படங்களுக்கும் பேனர் வரைந்தவர்களிடம் வேலை கற்றவன் என்பதால், அரக்கனும் சூனியக்காரியும் எனக்குப் பழக்கமானவர்கள்தான்.

உங்கள் படம் கைப்பேசியில் சாம்பலாகத் தெரிவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலமோ ஏறக்குறைய 65 முதல் 70 மில்லிமீட்டர் வரைதான். ஆகவே படம் பாதிக்கும் கீழாகச் சுருங்குகிறது. மைக்ரான் பேனாவில் 01 என்று எழுதியிருப்பதைப் பலரும் 0.1 மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதன் கோட்டுப் பருமன் 0.25 மில்லிமீட்டர், 03 பேனாவுக்கு 0.35 மில்லிமீட்டர். சுருங்கிய படத்தில் 01 பேனாவின் கோடு ஏறக்குறைய 0.11 மில்லிமீட்டராகிவிடும். ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளியே 0.06 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும்போது, உங்கள் கோட்டின் பருமனுக்கு இரண்டு புள்ளிகள்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவே நீங்கள் பார்த்துப் பார்த்து விட்ட வெள்ளை இடைவெளிக்கும் அதே கதிதான். அந்த நெருக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகத்தான் தெரியும். உடலெங்கும் ஒரே நெருக்கத்தில் கோடு போட்டிருந்தால் உடலெங்கும் ஒரே சாம்பல்தான். இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவன் என் பேரன்.

கணக்குத் தெரியாமலேயே இதன் விளைவைச் சுவர் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். பேசின் பாலம் பக்கம் ஒரு சுவரில் படம் எழுதினால், பேருந்தில் போகிறவர் பார்வையில் அது சில நொடிகளே நிற்கும். அந்த நொடிகளில் அவர் எதைப் பார்த்தாக வேண்டும் என்றுதான் எங்கள் வாத்தியார் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்லாதவன் கையில் தூரிகை தரமாட்டார்.

உங்களிடம் இருப்பவை மூன்றே நிறங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் வெள்ளை ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று, கோடுகளால் உண்டாகும் நடுத்தரச் சாம்பல் ஒன்று. நீங்கள் மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் வரையப் பார்க்கிறீர்கள். கையெழுத்துக்கென்று ஒதுக்கிய பிரஷ் பென்னை முதலில் எடுங்கள். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, நிழலில் விழும் அனைத்தையும் ஒரே கறுப்பாகச் சேருங்கள். கூந்தல், கழுத்தின் நிழல், போர்வையின் உட்புறம் ஆகியவை வெவ்வேறு பொருள்கள் என்பதற்காக அவற்றுக்கு நடுவே கோடு பிரிக்க வேண்டியதில்லை. மூன்றும் ஒன்றோடொன்று ஓடிக் கலந்தாலும் பார்க்கிறவரின் கண் பிரித்துக்கொள்ளும். அதேபோல் வெளிச்சம் நேராக விழும் பக்கத்தில் வெளிக்கோட்டைச் சில இடங்களில் அறுத்து விடுங்கள். தோளின் விளிம்பு வெள்ளைத் தாளில் கரைந்துபோனாலும் தோள் எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போகாது. நடுத்தரச் சாம்பலை ஓரிடத்துக்கு மட்டும் கொடுங்கள். அந்த ஓரிடம் எது என்பதை முடிவு செய்யும் உரிமை உங்களுடையது.

கோட்டுச்சித்திரம்

ஐயா போட்ட கணக்கும் கறுப்பைச் சேர்க்கச் சொன்ன முறையும் மிகச் சரியானவை. பிரஷ் பென்னை முதலில் எடுக்க வேண்டும் என்பதை நானும் வலியுறுத்துவேன். ஆனால் சாம்பல் ஓரிடத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதியை மாயக்கதை உருவங்களுக்கு அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. செதிலும் உரோமமும் கொம்பும் உள்ள உருவத்தில் மேற்பரப்பின் தன்மைதான் அந்த உருவத்தையே அடையாளப்படுத்துகிறது. அதை முழுவதும் விட்டுவிட்டால் மைவிழி சொன்ன எதிர்வீட்டு அக்காதான் மிஞ்சுவார்.

அதற்கு முன்பு அடிப்படை பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆனந்த விகடனில் வந்த ஓவியர் சில்பியின் கோயில் சிற்பக் கோட்டோவியங்களைப் பார்த்திருப்பீர்கள். அணிகலன்களின் நுணுக்கம் ஒன்றுவிடாமல் அங்கே இருக்கும். இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் கல்லில் உள்ளதைத் தாளில் பதிந்து வைப்பது அவர் மேற்கொண்ட பணி. பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்ற ஓவியர் ஆதிமூலம், 1969-ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி ஓவியங்களில் நடப்பது வேறு. அங்கே ஆடையும் கைத்தடியும் காந்தி நிற்கும் விதத்துக்கும் நடக்கும் விதத்துக்கும் துணையாக வருபவை மட்டுமே. இருவரும் மையில் வரைந்தார்கள், இருவரும் கோட்டை நம்பினார்கள், எதை வைப்பது என்பதில் மட்டும் இருவரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள். வரைபவர் எதைச் சொல்ல வந்தார் என்பதுதான் அந்தத் திசையை முடிவு செய்தது. எளிமை தன்னளவில் உயர்ந்தது என்றும் நுணுக்கம் தாழ்ந்தது என்றும் கற்றுத்தருபவர்கள் உண்டு. அவர்கள் சில்பியின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துப் பார்க்கட்டும்.

ஆகவே பென்சிலைத் தொடுவதற்கு முன் உங்கள் மாந்தர் யார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் உடையை விவரிக்காமல், அவர் செய்கிற செயலைச் சொல்லுங்கள். உதாரணமாக, உங்கள் சூனியக்காரியை 'வலை வீசாமலேயே மீன்களைத் தன்னிடம் வரவழைப்பவள்' என்று எழுதினால், அழைக்கிற கை முதன்மை பெறுகிறது, வீசப்படாமல் தோளிலேயே கிடக்கிற வலை இரண்டாவதாகிறது, அவள் பார்வை போகிற திசை மூன்றாவதாகிறது. புடவைக் கரையின் பூக்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. எனவே அவற்றை வரைவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இரவு பதினொரு மணிக்குக் களைத்த கண்ணோடு விடை தேட வேண்டிய நிலை வராது. அவளையே 'கடலில் கணவனை இழந்த அரசி' என்று எழுதியிருந்தால் அந்தக் கரையும் பூக்களும் தேவைப்பட்டிருக்கும். கை வெறுமனே மடியில் கிடந்திருக்கும்.

வாக்கியம் கிடைத்ததும், தீப்பெட்டி அளவில் சில கட்டங்கள் போட்டு, பிரஷ் பென்னாலேயே உருவத்தின் கறுப்பு வெள்ளையை மட்டும் வைத்துப் பாருங்கள். அந்த அளவில் தடித்த முனையால் செதிலை வரையவே முடியாது. அதுதான் அதன் பயன். முகம் தெரியாமல், வெறும் நிழலுருவிலேயே அவள் அழைக்கிறாள் என்பது புரிகிறதா என்று பாருங்கள். கை உடலுக்கு முன்னால் வந்தால் நிழலுருவில் மறைந்துவிடும். உடலுக்கு வெளியே நீட்டியிருந்தால் தெரியும். கைக்கோலையோ கொம்பையோ வைப்பதற்கும் இதே சோதனைதான். இதற்குக் கால் மணி நேரம் செலவானாலும் பின்னால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இனி மேற்பரப்பு. ஒரு சொரசொரப்பான பொருளின் மீது விளக்கொளி விழும்போது அதன் சொரசொரப்பு எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். ஒளி நேராக விழும் இடத்தில் மேடும் பள்ளமும் ஒரே வெளிச்சத்தில் மூழ்கி மறைந்துவிடுகின்றன. முழு நிழலில் ஒளியே இல்லாததால் ஒன்றும் தெரிவதில்லை. வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்குகிற எல்லையில்தான் ஒளி சாய்வாக உரசிச் செல்கிறது; ஒவ்வொரு சிறு மேடும் அங்கே தன் நிழலை விழவைக்கிறது. எனவே செதிலை அந்த எல்லையை ஒட்டி மட்டும் வரையுங்கள். சங்கிலிச் சட்டைக்கு அந்த எல்லையில் சிறு பிறைக்கோடுகளாக இரண்டு மூன்று வரிசைகள் போதும். மார்பின் மற்ற பகுதி வெள்ளையாகவே இருந்தாலும் முழுச் சட்டையும் வளையங்களால் ஆனது என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். கூந்தலை முதலில் ஒரே கறுப்புத் திரளாகப் போட்டு, உருவத்தின் விளிம்பைத் தாண்டிக் காற்றில் பறக்கும் சில இழைகளை மட்டும் பேனாவால் இழுங்கள். துணியின் பூவேலை தேவைப்பட்டால், மடிப்பில் அது அறுபடும் இடத்தில் பாதிப் பூ ஒன்றை வையுங்கள்.

உங்கள் வேலை வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். பென்சில், அதன்பின் பிரஷ் பென்னில் பெருங்கறுப்பு, அதன்பின் படத்தைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து ஒரு பார்வை, அப்போதும் ஏதாவது புரியாமல் இருந்தால் மட்டும் பேனா. வெளிக்கோட்டை முதலில் போட்டுவிட்டால், ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இருக்கும் காலி இடம் நிரப்பச் சொல்லி நச்சரித்துக்கொண்டே இருக்கும்.

தண்டையார்பேட்டை மைவிழி

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்ன கணக்கைப் படித்த பிறகு, பழைய படங்களில் முகத்துக்கும் கவசத்துக்கும் ஒரே நெருக்கத்தில் கோடு போட்டிருப்பது எனக்கே தெரிகிறது. சூனியக்காரியை ஒற்றை வாக்கியத்தோடு மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். தீப்பெட்டிக் கட்டத்தில் அவள் நன்றாகவே வந்தாள். ஆனால் பெரிதாக வரையும்போது வலைதான் இடிக்கிறது. வலை என்றால் கண்ணி கண்ணியாகத்தானே வரைய வேண்டும்? அதைக் கறுப்பாக நிரப்பினால் வெறும் துணியாகிவிடாதா? காவல் வீரனின் சுறாத்தோல் கவசத்துக்கும் இதே ஐயம் உண்டு. எல்லையில் மட்டும் செதில் வரைந்து பார்த்தேன். நேரம் குறைந்தது உண்மைதான், ஆனால் அது சுறாவாகத் தெரியாமல் ஏதோ கெண்டை மீனாகத் தெரிகிறது.

காசிமேட்டுக்காரன்

அக்கா, நான் ஓவியன் அல்லன். என் தங்கை இந்தச் சவாலில் வரைகிறாள். அவள் காட்டியதால் இதைப் படித்தேன். சுறாவையும் வலையையும் பற்றி என்றால் நான் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சுறாவுக்குக் கெண்டை மீனுக்கு இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரிகிற செதில் கிடையாது. அதன் தோலில் இருப்பவை மிக நுண்ணிய பல் போன்ற முட்கள். அவை வாலை நோக்கிச் சாய்ந்திருக்கும். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிப் போகும், எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாளாக உரசும். பார்வைக்கு அது ஒரே சீரான, மங்கலான பரப்புதான். உங்கள் வீரனின் கவசத்தில் ஒரு செதிலைக்கூட வரையத் தேவையில்லை. கறுப்பாக நிரப்பி, ஈரம் மினுங்குகிற இடத்தில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டையை விட்டுவிடுங்கள். அது சுறா என்று தெரிய வேண்டுமானால் செவுள் பிளவுகளைக் காட்டுங்கள். பெரும்பாலான சுறாக்களுக்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து பிளவுகள் இருக்கும். விலா எலும்பு இருக்கும் இடத்தில் ஐந்து சாய்ந்த வெள்ளைக் கீற்றுகள், தோளில் நிமிர்ந்து நிற்கும் ஒரு முதுகுத் துடுப்பு, இவ்வளவு போதும். இதைப் பார்த்துவிட்டுக் காசிமேட்டில் யாரும் அதைக் கெண்டை என்று சொல்லமாட்டார்கள்.

வலையைப் பொறுத்தவரை, விரித்துப் பிடித்தால்தான் கண்ணி தெரியும். தோளில் போட்டாலோ குவித்து வைத்தாலோ கண்ணிகள் இழுபட்டு மூடிக்கொண்டு, நீளவாக்கில் ஓடும் இழைகளாகவே தெரியும். பல மடிப்பாக விழுந்த இடத்தில் உள்ளே இருப்பது தெரியாத அளவுக்கு அடர்ந்துவிடும். மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்கள் குவித்து வைத்திருப்பதை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். குவியலைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது அது வலை என்று நமக்குச் சொல்வது கண்ணி அல்ல. மேல்கயிற்றில் வரிசையாகக் கோத்த மிதவைகளும் அடிக்கயிற்றில் தொங்கும் ஈயக்குண்டுகளும்தான். உங்கள் சூனியக்காரியின் போர்வையைத் தயங்காமல் கறுப்பாக்குங்கள். தோளை ஒட்டி மிதவைகள் மாலையாக வரட்டும், காலடியில் ஈயக்குண்டுகள் தரையைத் தொட்டுக் கிடக்கட்டும். ஏதாவது ஓர் இடத்தில், நீட்டிய கையின் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள், வலை விரிகிறது. அங்கே மட்டும் பத்துப் பன்னிரண்டு கண்ணிகளைப் பெரிதாகக் காட்டினால் போதும்.

தங்கை இன்னொன்றைக் கேட்கச் சொல்கிறாள்: அந்த உப்பள அரக்கன் எண்ணூர் பக்கத்து ஆளா?

பழைய காமிக்ஸ் வாசகன்

காசிமேட்டுத் தம்பி சொன்னதைப் படித்த பிறகு, நான் எழுத நினைத்ததில் பாதி தேவையற்றதாகிவிட்டது. பொருளை நன்றாக அறிந்தவருக்கு அதன் அடையாளம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது. அறியாதவர்கள்தான் எல்லாவற்றையும் வரைந்து ஈடுகட்டப் பார்க்கிறோம். நான் வேறு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, ஒரே மாந்தரைத் தொடர்ந்து சில நாட்கள் வரைவது. நாளுக்கு ஒரு புதிய உருவம் என்றால் நாள்தோறும் புதிய உடை, புதிய ஆயுதம், புதிய அணிகலன் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எதைக் குறைப்பது என்று யோசிக்க நேரமே இருப்பதில்லை. ஒரே வீரனை நிற்கும்போதும் ஓடும்போதும் உறங்கும்போதும் வரைந்து பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது படத்தில் கை சலித்துப்போய், தேவையற்ற கொக்கிகளையும் வார்களையும் தானே உதறிவிடும். நாயகனை நூற்றுக்கணக்கான கட்டங்களில் வரைய வேண்டிய காமிக்ஸ் ஓவியர்களின் கை இப்படித்தான் பழகுகிறது. சிவகாசியிலிருந்து வந்த கறுப்பு வெள்ளைக் காமிக்ஸ் புத்தகங்களை வாசித்து வளர்ந்தவர்களுக்கு, மின்சாரம் பாய்ந்ததும் உடல் முழுவதும் மறைந்துபோய் இரும்புக் கை மட்டும் தெரிகிற அந்த நாயகன் இரும்புக்கை மாயாவியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓர் உருவத்தை இதைவிடச் சுருக்க முடியாது, ஆனாலும் ஒற்றைக் கை தெரிந்ததுமே யார் என்று சிறுவர்களுக்கும் விளங்கியது. உங்கள் ஒவ்வொரு மாந்தருக்கும் அப்படி ஓர் இரும்புக் கை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சூனியக்காரிக்கு அது மிதவை மாலையாக இருக்கலாம்.

நாள்தோறும் முடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டு இந்தச் சவாலைத் தொடங்கிய ஜேக் பார்க்கர், தம்முடைய மைவேலையை மேம்படுத்திக்கொள்ளவும் வரைகிற பழக்கத்தை வளர்த்துக்கொள்ளவுமே அதைத் தொடங்கினார். ஒன்றுவிட்டு ஒருநாள் வரைவதற்கும் வாரம் ஒன்று வரைவதற்கும்கூட அதில் இடமுண்டு. அலுவலகமும் சமையலும் உள்ளவர்கள் ஒருநாள் தீப்பெட்டிக் கட்டமும் மறுநாள் மைவேலையும் என்று பிரித்துக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை என்பது என் கருத்து.

இரண்டாவது, தாளும் பருவமும். அக்டோபர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற காலம். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு தளர்ந்துவிடும். அப்படிப்பட்ட மெல்லிய தாளில் மை கோட்டின் இருபுறமும் கசிந்து பரவுவதால், 0.25 மில்லிமீட்டர் கோடு இன்னும் பருத்து, இடைவெளிகள் அடைபடும். பெருங்கறுப்பு நிரப்பப் போகிறீர்கள் என்பதால் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அளவிலான வழவழப்பான கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த வரைதாள், நல்லது. பாரிமுனையில் வேலை செய்கிறீர்கள் என்றால் ஆண்டர்சன் தெருத் தாள் கடைகள் உங்களுக்கு நடக்கிற தூரம்தான். கறுப்பு நன்றாகக் காய்வதற்கு முன் பென்சில் கோட்டை அழிக்க வேண்டாம், இழுவிவிடும். மழை நாளில் அதை மறுநாள் காலைக்கு ஒத்திவைப்பது உத்தமம். புட்டியில் வரும் இந்தியன் இங்க்கைச் சிக்கனம் கருதி மைப்பேனாவில் ஊற்ற நினைத்தால் அதையும் செய்ய வேண்டாம். காய்ந்தபின் நீரில் கரையாத அந்த மை, நிப்பின் உள்வழியை அடைத்துவிடும். அதற்குத் தூரிகையோ தொட்டெழுதும் நிப்போதான் பொருத்தம்.

தண்டையார்பேட்டை மைவிழி

காசிமேட்டுத் தம்பிக்கும் அவருடைய தங்கைக்கும் என் அன்பு. அரக்கன் எண்ணூர்க்காரன்தான்; கண்டுபிடித்துவிட்டார்கள். செவுள் பிளவுகளோடு வீரனை வரைந்து முடித்துவிட்டேன். பத்து மணிக்கு முன்பே பேனாவை மூடியது எனக்கே வியப்பு. சூனியக்காரியின் போர்வையைக் கறுப்பாக்கிய பின் மிதவைகள் பளிச்சென்று வெள்ளையில் எழுந்து நிற்கின்றன. முகத்துக்கு மூன்று நான்கு கோடுகளே போட்டேன். ஆனாலும் கண் அங்கேதான் முதலில் போகிறது.

எஞ்சியிருப்பது யாளியும் தூதனும். இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வருவதால் நிழலுருவில் கலந்துவிடுகின்றன. யாளியின் பிடரியையும் விட மனமில்லை, தூதனின் பயண மூட்டைகளையும் விட மனமில்லை. ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

வியாசர்பாடி சுவரெழுத்தர்

அம்மா, ஏறியிருப்பவனும் வாகனமும் சேர்ந்த படம் சாமி பேனர்களில் எப்போதும் வருவதுதான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். யாளியை முழுக் கறுப்பாக்கினால் தூதன் வெள்ளையாக அதன்மேல் தெளிவாக அமர்ந்திருப்பான். அவன் கால் யாளியின் விலாவில் படியும் இடத்துக்கு வெளிக்கோடுகூடத் தேவைப்படாது. மூட்டைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் அவன் முதுகுக்குப் பின்னால் தள்ளி, நிழலுருவில் வெளியே தெரியும்படி வையுங்கள். மற்ற மூட்டைகளை முந்தின ஊரிலேயே கொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிடரியைக் கோயில் தூண்களில் பார்த்திருப்பீர்கள். சிற்பிகள் அதைச் சுருள் சுருளாக வரிசை வைத்து முடித்திருப்பார்கள். கழுத்தின் மேல் விளிம்பில் ஒரே ஒரு வரிசைச் சுருளை வெள்ளையில் விட்டு, மற்றதைக் கறுப்பில் அமிழ்த்துங்கள். கோட்டுச்சித்திரம் சொன்ன அந்த எல்லை இங்கே சரியாகப் பொருந்துகிறது. சாம்பல் ஓரிடத்தில் மட்டும் என்று நான் சொன்னதை இந்த யாளிக்காகக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். கறுப்பு நிரப்பும் முன்பே யாளியின் பிதுங்கிய கண்ணையும் திறந்த வாயின் பல் வரிசையையும் பென்சிலில் வளைத்து, வெள்ளைக்கு இடம் ஒதுக்கிவிடுங்கள். பிறகு வெள்ளை ஜெல் பேனாவால் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், கறுப்பின் மேல் அது நீலம் பாய்ந்து மங்கலாகவே நிற்கும்.